எழுந்திருக்காத வாடிக்கையாளர்கள்

அந்தப் பெண்மணி உள்ளே வந்ததும் உட்காரவில்லை. நாற்காலியின் இருக்கையை முதலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், பிறகு முழங்கையால் ஒரு முறை. "உள்ள இருக்கிற ஸ்பாஞ்சு போயிடுச்சு" என்று அறிவித்துவிட்டு, வேறு வழியில்லாமல் அதிலேயே உட்கார்ந்தார்.

"மெத்தைத் தொழில்ல இருக்கீங்க" என்றார் சந்தேகம்.

துப்பறிவாளருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்கி, மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறவர் என்பதால் தெருவே அவரைச் சந்தேகம் சார் என்றுதான் கூப்பிட்டது. நாளாவட்டத்தில் அவரும் பெயர்ப்பலகையில் அதையே எழுதிப் போட்டுக்கொண்டார். தொழிலுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"நாற்காலியை அழுத்திப் பாத்ததை வெச்சுக் கண்டுபிடிச்சீங்களா அத்தான்?" என்றான் பக்கத்து மேஜையிலிருந்து மச்சான்.

"ஆமா."

"நான் அவங்க பையில மெத்தைக் கம்பெனி பேர் எழுதியிருக்கிறதை வெச்சுக் கண்டுபிடிச்சேன்."

மச்சான் என்பவன் சந்தேகத்தின் மனைவிக்குத் தம்பி. 'சும்மாதானே இருக்கான், கூட வெச்சுக்குங்க' என்று மனைவி சொன்ன அன்று உதவியாளராகச் சேர்ந்தான். சேர்ந்த பிறகும் சும்மாதான் இருக்கிறான் என்பது சந்தேகத்தின் நெடுநாள் வருத்தம். ஆள் நல்ல கனம். உடம்பில் ஓய்வில்லாமல் உழைக்கிற ஒரே உறுப்பு வாய்.

வந்தவர் ஒரு மெத்தைத் தொழிற்சாலை முதலாளியம்மாவின் நாத்தனார். முதலாளியம்மாவின் கணவர், அதாவது இவருடைய அண்ணன், உயிரோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறார். ஆனால் தோட்டத்தில் இருக்கிறார். இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்பதைவிட ரோஜாச் செடிகளுக்கு நடுவில் நிற்பது மேல் என்று அவர் முடிவெடுத்து வருஷக்கணக்காகிறது.

தொழிற்சாலையில் செய்வது இரண்டே வகை மெத்தை. 'மேகம்' என்பது மெத்தென்று அமுங்குவது. 'திடம்' என்பது கெட்டியாக நிற்பது. திடம் பிரிவை நடத்துகிறவர் இந்த நாத்தனார். இன்று மாலை ஐந்து மணிக்கு இயக்குநர்கள் கூட்டம். அதில் திடம் பிரிவை இழுத்து மூட முதலாளியம்மா கையெழுத்துப் போடப்போகிறார். நாத்தனாரோடு சேர்த்து அங்கே வேலை செய்கிற நாற்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"திடம் விக்கலையா?" என்று கேட்டார் சந்தேகம்.

விற்கிறது, மேகம் அளவுக்கே விற்கிறது என்றார் நாத்தனார். பிரச்சினை விற்பனையில் இல்லை, திரையில். அண்ணியின் அறையில் ஓர் ஆலோசகர் பெரிய திரை ஒன்றை மாட்டியிருக்கிறார். அதில் விளக்குகள் எரிகின்றன. கீழே ஷோரூமில் இரண்டு மெத்தைகளையும் கட்டிலோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் படுத்துப் பார்க்கலாம். எவ்வளவு நேரம் படுக்கிறார்கள் என்று மெத்தைக்கு அடியில் இருக்கிற சென்சார் கணக்கெடுத்து மேலே அனுப்புகிறது. திடத்தில் படுக்கிறவர்கள் இரண்டே நிமிஷத்தில் எழுந்துவிடுகிறார்கள். மேகத்தில் படுக்கிறவர்கள் அரைமணி, முக்கால் மணி என்று கிடக்கிறார்கள். அதனால் மேகத்துக்குப் பச்சை விளக்கு, திடத்துக்குச் சிவப்பு.

"இதுல ஏதோ தில்லுமுல்லு நடக்குது சார். யாரோ ஆள் வெச்சுப் படுக்க வைக்கிறாங்க."

"படுக்கிறதுக்கு ஆள் எடுக்கறாங்களா? எங்க விண்ணப்பிக்கணும்?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தான் மச்சான்.

நாத்தனார் சிரிக்கவில்லை. திடம் பிரிவில் தையல் போடுகிற ஒருத்திக்குப் போன வாரம்தான் குழந்தை பிறந்திருக்கிறது என்றார். அவளுக்கு லீவு கொடுத்து, வேலை எங்கேயும் போகாது, நிம்மதியாக இரு என்று சொல்லி அனுப்பியது தான்தான் என்றார். "அவகிட்ட நான் இப்ப என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

சந்தேகத்துக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. தொப்பியை எடுத்தார். கதவைப் பூட்டினார். நாலு படி இறங்கி மறுபடி ஏறினார்.

*

முதலாளியம்மாவின் அறையில் அந்தத் திரை ஒரு சுவர் முழுக்க இருந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று விளக்குகள் கண் சிமிட்டின. பக்கத்துச் சுவரில் ஒரு பெரிய படம்: உச்சியில் ஒரு பெட்டி, அதிலிருந்து கீழே அம்புக்குறிகள், அம்புக்குறிகளின் நுனியில் இன்னும் சில பெட்டிகள்.

"இதுதான் இலக்கு மரம்" என்றார் ஆலோசகர். ஒல்லியான ஆள். கையில் சிவப்புப் புள்ளி அடிக்கிற ஒரு குச்சி. தூங்கும்போதுகூட அதைக் கீழே வைக்க மாட்டார் போலிருந்தது.

"மரம் தலைகீழா இருக்கே" என்றான் மச்சான்.

ஆலோசகர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நிறுவனம் முடிவெடுப்பதற்கு முன் தன் இலக்கு என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினார். இலக்கைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அதைச் சின்னச் சின்ன இலக்குகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு சின்ன இலக்குக்கும் அளக்கக்கூடிய ஓர் எண்ணைக் கட்ட வேண்டும். எண் ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அவ்வளவுதான், முடிவு தானாக வந்து விழும்.

உச்சிப் பெட்டியில் 'வாடிக்கையாளர் மெத்தையை விரும்ப வேண்டும்' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து இறங்கிய அம்புக்குறிகளில் ஒன்று 'விரும்பினால் நெடுநேரம் படுப்பார்' என்ற பெட்டிக்குப் போனது. இன்னொன்று 'விரும்பினால் மணியடித்து விற்பனையாளரைக் கூப்பிடுவார்' என்பதற்கு. ஒவ்வொரு கட்டில் ஓரத்திலும் ஓர் அழைப்பு மணி இருந்தது. அந்த மணி அடிக்கிற எண்ணிக்கையும் திரைக்கு வந்தது. அதிலும் மேகம் பச்சையோ பச்சை.

சந்தேகம் தலையைச் சொறிந்தார். "ரெண்டும் ஒரே மாதிரி விக்குதாமே?"

"விற்பனைங்கிறது நேத்தைய கதை சார். படுக்கை நேரம் நாளைய கதை."

"இன்னைக்குக் கதை யார்கிட்ட இருக்கு?" என்று மச்சான் கேட்டதற்குச் சிவப்புப் புள்ளி சுவரில் கொஞ்சம் தடுமாறியது.

முதலாளியம்மா இப்போது குறுக்கிட்டார். கறாரான ஆள்தான், கெட்டவர் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மனசில் ஒன்று தோன்றியது: வட்ட மெத்தை. தோன்றிய வேகத்தில் கிடங்கு நிறையச் செய்து அடுக்கிவிட்டார். வட்டக் கட்டில் யார் வீட்டிலும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மெத்தைகள் இன்னும் கிடங்கில்தான் இருக்கின்றன. காவலாளி நாற்காலிக்குப் பதிலாக ஒன்றை வைத்திருக்கிறார்.

"என் மனசு சொன்னதைக் கேட்டு ஒரு தடவை பட்டுட்டேன்" என்றார் முதலாளியம்மா. "திரைக்கு மனசு கிடையாது. அது பொய் சொல்லாது. உங்களால தில்லுமுல்லுன்னு நிரூபிக்க முடிஞ்சா அஞ்சு மணிக்குள்ள நிரூபிங்க. என் நாத்தனார்கிட்டயும் சொல்லிடுங்க."

நாத்தனார் அவருக்கு எதிரிலேயே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். திரை வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் நேரில் பேசுவதில்லை.

"அண்ணி சொன்னது காதுல விழுந்துச்சுன்னு சொல்லிடுங்க" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்து.

*

ஷோரூமில் இரண்டு கட்டில்கள். ஒன்றில் மேகம், ஒன்றில் திடம். நடுவில் விற்பனையாளர். தலையை எண்ணெய் வைத்துப் படியப் படியச் சீவி, இரண்டு ஆளுக்குப் போதுமான சென்ட் அடித்திருந்தார்.

சந்தேகம் எதையும் தொடாமல் கட்டில்களைச் சுற்றி வந்தார். திடம் பக்கம் எல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. மேஜை விளக்கு நிமிர்ந்து நின்றது, திரைச்சீலை ஒழுங்காகத் தொங்கியது. மேகம் பக்கம் வேறு கதை. திரைச்சீலையில் பாதி வளையங்களைக் காணோம். கட்டிலோரத்துக் குட்டி மேஜை கட்டிலை நோக்கிச் சாய்ந்து நின்றது. விளக்கு புதிது, இந்த வருஷத்தில் இது ஐந்தாவது விளக்கு என்றார் விற்பனையாளர். அழைப்பு மணியின் பித்தானில் எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது.

"சண்டை நடந்திருக்கு அத்தான்" என்று காதைக் கடித்தான் மச்சான். "வாடகைக்குப் படுக்கிற ரெண்டு கோஷ்டி. இடத்துக்குப் போட்டி."

"ஏன் மேகம் பக்கம் மட்டும் உடையுது?" என்று விற்பனையாளரைக் கேட்டார் சந்தேகம்.

"சந்தோஷம் சார். வேற என்ன?" விற்பனையாளர் தன் தலைமுடியைத் தடவிக்கொண்டார். மேகத்தில் படுக்கிறவர்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களாம். போனால் அவர் கையைப் பிடித்துக்கொள்வார்களாம். அது தன்னுடைய முகராசி என்று அவர் தீர்மானமாக நம்பினார். திடத்தில் படுக்கிறவர்களைப் பற்றிக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது. "பண்பில்லாத ஜனம் சார். ரெண்டு நிமிஷம் படுப்பாங்க, எந்திரிச்சு நேரா கவுண்டருக்குப் போயிடுவாங்க. என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க."

சுவரில் சட்டம் போட்ட ஒரு புகைப்படம் மாட்டியிருந்தது. நடுத்தர வயதுப் பெண், கோபமான புருவம். கீழே 'சிறந்த வாடிக்கையாளர்' என்று எழுதியிருந்தது. மேகத்தில் மிக நீண்ட நேரம் படுத்த சாதனை அவருடையது, இரண்டரை மணி நேரம். வாசல் கேமராவில் பதிந்த முகத்தை எடுத்து ஆலோசகர்தான் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாராம். யார் என்று கேட்டதற்கு விற்பனையாளர் தரையைப் பார்த்தார். பக்கத்துத் தெருவில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

இதுவரை ஓயாமல் பேசியவர் திடீரென்று வாயை மூடினால் சந்தேகத்துக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா?

*

டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு நிற்க நேரமில்லை. பேச வேண்டுமானால் காரின் பின்சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். முன்சீட்டில் அன்றுதான் முதல் முறையாகக் கார் ஓட்டுகிற ஒரு வங்கி மேலாளர், ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

சந்தேகம் நேராக விஷயத்துக்கு வந்தார். மெத்தை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அந்த அம்மா தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். நான்கு பேரும் முன்னால் போய்த் திரும்பி வந்தார்கள்.

"நான் அங்க படுத்தேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"உங்க படம் அங்க சுவத்துல மாட்டியிருக்கு" என்றான் மச்சான். "சிறந்த வாடிக்கையாளர்னு."

அந்த அம்மாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னு அந்த ஆள் சத்தியம் பண்ணினானே" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் அங்க எதையும் வாங்கலை. அன்னைக்கு எனக்கு மூணு வகுப்பு போச்சு. இதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க. இறங்குங்க."

வங்கி மேலாளரும் இறங்கப் பார்த்தார். அவரை மட்டும் உட்கார வைத்தார்கள்.

கார் குலுங்கிக் குலுங்கிப் போய் மறைந்ததும் மச்சான் கைகளைத் தேய்த்துக்கொண்டான். வழக்கு முடிந்தது, சத்தியம் வரைக்கும் போயிருக்கிறது என்றால் விற்பனையாளரும் இந்த அம்மாவும் கூட்டு என்றான். சந்தேகம் ரோட்டோரத்திலேயே நின்று கார் போன திசையைப் பார்த்தார்.

"அவங்க சீட்டைப் பாத்தியா?"

"பிரேக் போட்டப்ப ரொம்பக் கிட்டத்துல பாத்தேன். மூக்கு இன்னும் வலிக்குது."

"குஷனை எடுத்துட்டு ஒரு மரப்பலகையைப் போட்டு உக்காந்திருக்காங்க. மெத்துனு இருந்தா அவங்களுக்கு ஆகாது. அப்படிப்பட்டவங்க வேலையை விட்டுட்டு, மூணு வகுப்பைக் கோட்டைவிட்டுட்டு, ரெண்டரை மணி நேரம் மேகத்துல ஏன் படுக்கணும்? வாங்கவும் இல்லை."

"ஆள் வெச்சுப் படுக்க வெச்சிருந்தா?"

"அதுக்குப் போனவங்க அவமானப்படுவாங்களா? மாட்டிக்கிட்டோமேன்னு பயப்படத்தான் செய்வாங்க. இவங்க பயப்படலை. வெக்கப்படறாங்க."

மச்சான் மூக்கைத் தடவிக்கொண்டே அவர் பின்னால் நடந்தான்.

*

ஷோரூமுக்குத் திரும்பியபோது ஐந்தடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மாடியில் இயக்குநர்கள் வந்து நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. நாத்தனார் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, ஏதாவது தெரிந்ததா என்று கண்ணாலேயே கேட்டார். சந்தேகத்துக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சாய்ந்த மேஜை, ஐந்தாவது விளக்கு, வளையமில்லாத திரைச்சீலை, வெட்கப்படுகிற வாடிக்கையாளர். எல்லாம் ஒரே கதையின் துண்டுகள் என்று மனசு சொன்னது. என்ன கதை என்று மட்டும் சொல்லவில்லை.

"கால் விட்டுப்போச்சு அத்தான்" என்று மச்சான் மேகத்தின் மேல் தொப்பென்று விழுந்தான்.

மெத்தை அவனை வாங்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் மெல்ல எழுந்து மூடிக்கொண்டது. வெளியே தெரிந்தது மூக்கும் இரண்டு கால் கட்டைவிரலும்.

"விளையாடற நேரமில்லை. எழுந்திரு."

"ம்" என்றான் மச்சான்.

"எழுந்திருன்னு சொன்னேன்."

"எழுந்திருக்கத்தான் பாக்கறேன்." குரல் ஆழத்திலிருந்து வந்தது. இடது பக்கம் உருண்டான், மெத்தை கூடவே உருண்டது. வலது பக்கம் உருண்டான், பழைய குழியிலேயே வந்து விழுந்தான். கையை ஊன்றினால் கை முழங்கை வரைக்கும் உள்ளே போனது. கடைசியில் ஒரு கை மட்டும் மேலே வந்து காற்றில் தேடி, மேஜை விளிம்பைப் பிடித்து இழுத்தது. மேஜை கட்டிலை நோக்கி இன்னும் சாய்ந்தது. விளக்கு விழுந்து உடைந்தது. கை அடுத்ததாகத் திரைச்சீலையைப் பிடித்தது. இரண்டு வளையங்கள் கழன்று தரையில் உருண்டன. பிறகு அந்தக் கை அழைப்பு மணியைக் கண்டுபிடித்து, விடாமல் அழுத்தியது.

விற்பனையாளர் தலையைத் தடவிக்கொண்டே ஓடி வந்து புன்னகையோடு கையை நீட்டினார். மச்சான் அதை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களா சார், என்னை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு?" என்றார் விற்பனையாளர் பெருமையோடு.

சந்தேகம் அப்படியே நின்றுவிட்டார். பிறகு விற்பனையாளரின் தோளைப் பிடித்து, டிரைவிங் ஸ்கூல் அம்மாவை அன்றைக்கு எப்படி எழுப்பினீர்கள் என்று மட்டும் கேட்டார்.

விற்பனையாளர் நெளிந்தார். அன்றைக்குத் தனக்குக் கையில் சுளுக்கு என்றார். கிடங்கிலிருந்து நான்கு பேர் கயிறு கொண்டு வந்து இழுத்தார்களாம்.

*

மாடியில் முதலாளியம்மா பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். சந்தேகம் உள்ளே நுழைந்தபோது ஆலோசகர் திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். சற்று முன்புதான் மேகத்தில் ஒரு வாடிக்கையாளர் மிகுந்த ஆர்வத்தோடு படுத்து, தொடர்ந்து மணியடித்திருக்கிறார் என்று.

"அது என் மச்சான்" என்றார் சந்தேகம். "ஆர்வம் இல்லை. காப்பாத்தச் சொல்லி அடிச்சான்."

பிறகு நிதானமாகச் சொன்னார். தில்லுமுல்லு எதுவும் இல்லை. யாரும் ஆள் வைக்கவில்லை. சென்சார் சரியாகத்தான் எண்ணியது. மேகத்தில் நெடுநேரம் படுத்தவர்கள் அதை விரும்பியதால் படுக்கவில்லை, எழுந்திருக்க முடியாததால் கிடந்தார்கள். வெளியே சொல்ல வெட்கம். திடத்தில் படுத்தவர்களுக்கு இரண்டு நிமிஷத்திலேயே பிடித்துப்போய், எழுந்து நேராகக் கவுண்டருக்குப் போனார்கள். மேகம் இதுவரை விற்றதெல்லாம், விற்பனையாளரே சொன்னபடி, படுத்துப் பார்க்காமல் விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்கியவர்களிடம்.

"அப்ப அவங்க ஏன் திருப்பி அனுப்பலை?" என்று கேட்டார் ஓர் இயக்குநர்.

"எழுந்தாத்தானே அனுப்ப முடியும்?" என்றான், ஒருவழியாக இழுத்து மீட்கப்பட்டு வந்து கதவருகில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மச்சான்.

ஆலோசகர் விடுவதாக இல்லை. ஓர் ஆளை வைத்து முடிவுக்கு வர முடியாது என்றார்; அதுவும் இவ்வளவு பெரிய ஆளை வைத்து. சந்தேகம் அவர் கையிலிருந்த குச்சியை வாங்கி, சிவப்புப் புள்ளியை மரத்தின் உச்சியில் வைத்தார். "விரும்பினா நெடுநேரம் படுப்பாங்க. சரி. நீங்க மேலேருந்து கீழ இறங்கியிருக்கீங்க. அப்புறம் நெடுநேரம் படுத்தா விரும்பறாங்கன்னு அதே அம்பைப் பிடிச்சு மேல ஏறிட்டீங்க. நடுவுல ஒருத்தர்கூடப் போய், ஏன் படுத்திருக்கீங்கன்னு கேக்கலை."

முதலாளியம்மா திரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திறந்த பேனாவைப் பார்த்தார். வட்ட மெத்தைகள் அவர் கண் முன்னால் உருண்டிருக்க வேண்டும். மறுபடியும் தப்பு செய்ய அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தினால்தான் இவ்வளவு பெரிய தப்பின் விளிம்புக்கு வந்திருந்தார்.

"நீங்க மேகத்துல படுத்துப் பாத்திருக்கீங்களாம்மா?" என்று கேட்டார் சந்தேகம்.

"எனக்கு முதுகுவலி. வீட்டுல..." முதலாளியம்மா பாதியில் நிறுத்தினார். "வீட்டுல திடம்."

அவர் எழுந்து கீழே போனார். கூட்டமே பின்னால் போனது. செருப்பைக் கழற்றிவிட்டு, முதலாளிக்குரிய கம்பீரத்தோடு மேகத்தில் படுத்தார். மெத்தை மரியாதை பார்க்கவில்லை, அவரையும் வாங்கிக்கொண்டது.

பிறகு மெத்தை லேசாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது.

"நான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

மணி ஒரு முறை அடித்தது, ரொம்பக் கௌரவமாக. பிறகு இன்னொரு முறை. துள்ளி ஓடப்போன விற்பனையாளரைச் சந்தேகம் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார். நாத்தனார் மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்து கட்டிலருகே போனார். நிபந்தனை போடுங்கள், இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று மச்சான் ஜாடை காட்டினான். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. குனிந்து, இரண்டு கையையும் நீட்டினார்.

"பிடிச்சுக்குங்க அண்ணி."

"முதுகு போச்சுடி" என்றார் முதலாளியம்மா.

"தெரியும். மெதுவா வாங்க. நான் பிடிச்சிருக்கேன்ல?"

இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து திடத்தின் மேல் விழுந்தார்கள். விழுந்தவர்கள் உடனே எழவில்லை. நாத்தனார் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை, இரண்டும்தான். முதலாளியம்மா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். அந்தத் தையல்காரிக்கு என்ன குழந்தை பிறந்தது என்று கேட்டார். பெண் குழந்தை என்றார் நாத்தனார். பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டார் முதலாளியம்மா. சுற்றிலும் நின்ற இயக்குநர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

*

மாடியில் கூட்டம் மறுபடி கூடியது. முதலாளியம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். திடம் பிரிவு அப்படியே நடக்கும், நாற்பது பேருக்கும் நாளைக்கு வழக்கமான வேலை. மேகத்தையும் மூடப்போவதில்லை, அங்கேயும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நாத்தனார் போய் அதற்குள் கொஞ்சம் கெட்டித்தனத்தை வைத்துத் தைக்கச் சொல்லிக்கொடுப்பார். இயக்குநர்களில் யாராக இருந்தாலும், எந்த முடிவுக்கும் கை தூக்குவதற்கு முன்னால் கீழே போய் ஒரு தடவை படுத்து எழ வேண்டும். எழ முடிந்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடலாம்.

திரையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார் அதே இயக்குநர்.

"எதுக்கு? அது பொய் சொல்லலையே" என்றார் முதலாளியம்மா. "அது சொன்னதை நான்தான் தப்பாப் படிச்சேன்."

காபி வந்தது, கூடவே பிஸ்கெட்டும். மச்சான் கோப்பையை நின்றுகொண்டே குடித்தான். இன்னும் ஒரு வாரத்துக்கு எதிலும் உட்காருவதாக உத்தேசமில்லை என்றான். விற்பனையாளர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார். அப்போதுதான் ஆலோசகர் தன் நாற்காலியில் இல்லை என்பதை எல்லோரும் கவனித்தார்கள். எழுந்திருப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, மேகத்தில் தவறில்லை, செய்தே காட்டுகிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் படியிறங்கிப் போனதை மச்சான் பார்த்திருந்தான்.

திரையில் மேகத்தின் விளக்கு பச்சையாகியது. அடுத்து மணி விளக்கு பச்சையாகியது. அது ஒரு தடவை மினுக்கியது, பிறகு மூன்று தடவை, பிறகு நிற்காமல் மினுக்க ஆரம்பித்தது.

"என்னம்மா சொல்லுது திரை?" என்று கேட்டார் சந்தேகம்.

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "ஒருத்தர் எழுந்திருக்க முடியாம மாட்டிக்கிட்டிருக்கார்னு சொல்லுது."

நாத்தனார் கோப்பையை வைத்துவிட்டுப் பதறி எழுந்தார். முதலாளியம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அவர் எங்கயும் போக மாட்டார். நீ முதல்ல காபியைக் குடி."